உயிலில் கோயிலுக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஒரு பங்கு: எப்படி எழுதுவது?

கரும்புக்காடு (டோங்காட்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் உயில் எழுதுவது விஷயமாக ஒரு யோசனை கேட்கணும்.

எனக்கு 69 வயது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் எல்லாவற்றையும் என் பெயருக்கே எழுதி வைத்திருந்தார், அதனால் அப்போது பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. மகன் பெர்த்தில், மகள் ஜோகன்னஸ்பர்க்கில். இருவரும் நல்ல நிலையில் இருக்கிறார்கள். என் பெயரில் ஒரு வீடு, கொஞ்சம் யூனிட் டிரஸ்ட், வங்கியில் கொஞ்சம் ரொக்கம், அப்புறம் நகை.

என் அம்மாவைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட முதியோர் இல்லத்துக்கு ஏதாவது செய்யணும் என்று ரொம்ப நாள் ஆசை. எங்கள் கோயிலில் சனிக்கிழமை நடக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஒரு தொகை. ஸ்டேஷனரி கடையில் உயில் படிவம் வாங்கி வந்து மேசை மேல் வைத்திருக்கிறேன். அதில் "என் வீடு பிள்ளைகளுக்கு, இவ்வளவு கோயிலுக்கு, இவ்வளவு ஹோமுக்கு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

மகனிடம் போனில் சொன்னேன். "உங்க இஷ்டம்மா" என்றான். அதை அவன் சொன்ன விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ஃபீனிக்ஸ்காரன்

அக்கா, அந்தப் படிவத்தை மடித்து உள்ளே வையுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை நேஷனல் வில்ஸ் வீக் (தேசிய உயில் வாரம்) வரும். அந்த வாரம் அதில் சேர்ந்திருக்கும் வக்கீல்கள் சாதாரண உயிலைக் காசு வாங்காமல் எழுதித் தருவார்கள். முன்கூட்டியே போன் போட்டு நேரம் வாங்கணும், இல்லாவிட்டால் இடம் கிடைக்காது.

பேப்பர்வேலை (டர்பன்)

வக்கீல் ஆபீசில் எஸ்டேட் (இறந்தவர் சொத்து) பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தேன். இப்போது ஓய்வு. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கடைப் படிவமும் செல்லும். காகிதத்தில் பிரச்சினை இல்லை, கையெழுத்துப் போடும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. 1953-ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 16 வயதானவர் யாரும் உயில் எழுதலாம். ஒவ்வொரு பக்கத்திலும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு முதல் இரண்டை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். 14 வயது நிரம்பிய இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் போடும்போது இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்கணும், அவர்களும் உங்கள் முன்னிலையில் போடணும். காலையில் ஒருத்தி, சாயங்காலம் இன்னொருத்தி என்று வாங்கினால் செல்லாது. கை நடுங்கி ரேகை வைக்கிறவர்கள் என்றால் கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் (உறுதிமொழி வாங்க அதிகாரம் உள்ளவர்) ஒருவர் இருந்து சான்று எழுத வேண்டும்.

நம்மவர்கள் அதிகமாக மாட்டிக்கொள்வது எங்கே தெரியுமா? உயிலில் பங்கு பெறுகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அந்தப் பங்கு போய்விடும். வீட்டில் கையோடு இருப்பது மருமகள், அவளையே கூப்பிட்டுப் போட வைப்பார்கள், மகனுடைய பங்கு ஆபத்தில் விழும். கையால் எழுதித் தருகிறவருக்கும் இதே கதிதான். "அம்மாவுக்குக் கண் தெரியாது" என்று மகள் தன் கையெழுத்தில் படிவத்தை நிரப்பினால், அவளுடைய பங்கும் கேள்விக்குறி. கோர்ட்டுக்குப் போய்ச் சரிசெய்யலாம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் செலவில் ஒரு சின்னக் கல்யாணமே நடத்திவிடலாம்.

கோயில் கமிட்டித் தலைவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். கொடை வாங்கப்போவது சங்கம், அவர் இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் அந்த வாதத்துக்கே இடம் வைக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் இருவரைக் கூப்பிடுவது நல்லது.

யூனிட்3 (சாட்ஸ்வர்த்)

எங்கள் பெரியப்பா கதையைச் சொல்கிறேன், உங்களுக்கு உபயோகப்படும்.

அவர் உயிலில் ஒரே ஒரு வரி: "என் வீடு மாரியம்மன் கோயிலுக்கு." எந்த ஊர் மாரியம்மன் என்று எழுதவில்லை. எங்களுக்கு எல்லோருக்கும் தெரியும், அவர் கரகம் எடுத்த கோயில், கூழ் ஊற்றும்போது விறகு அடுக்கிய கோயில். இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசாங்க மாஸ்டர் ஆபீசுக்கு அது எப்படித் தெரியும்? நேட்டாலில் மாரியம்மன் கோயில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

அது முதல் தலைவலி. இரண்டாவது, அந்தக் கோயிலில் அப்போது இரண்டு கமிட்டி. ஒரு கமிட்டியிடம் சாவி, இன்னொரு கமிட்டியிடம் வங்கிக் கணக்கு. இருவரும் தாங்கள்தான் கோயில் என்று கடிதம் கொடுத்தார்கள்.

மூன்றாவதுதான் பெரியது. பெரியப்பாவும் பெரியம்மாவும் ரெஜிஸ்டர் பண்ணிய கல்யாணம், ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை, அதாவது இன் கம்யூனிட்டி. வீட்டில் பாதி ஏற்கனவே பெரியம்மாவுடையது. அவர் தன் பாதியைத்தான் எழுத முடியும். அவர் போன பிறகு பெரியம்மா பாதி வீட்டுக்காரி, மீதிப் பாதிக்குக் கோயில் பங்காளி! பாவம், 74 வயதில் சமையல்கட்டில் உட்கார்ந்து இரண்டு கமிட்டிக்காரர்களுக்கும் மாறி மாறி டீ போட்டுக் கொடுத்தாள். ஒருவர் அளவு நாடாவே கொண்டுவந்தார். கடைசியில் பிள்ளைகள் பணம் போட்டு அந்தப் பாதியை மதிப்புப் போட்டு வாங்கினார்கள். பணம் எந்தக் கமிட்டிக்குப் போனது என்று நான் இங்கே எழுத விரும்பவில்லை.

பெரியப்பாவின் மனசில் கள்ளமில்லை. ஆனால் அந்த ஒரு வரியால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் அந்தக் கோயிலுக்குப் போவதில்லை.

பேப்பர்வேலை (டர்பன்)

யூனிட்3 தம்பி சொன்னதைத்தான் நானும் ஆபீசில் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மூன்றையும் தவிர்க்க வழி இருக்கிறது.

பெயர்: வாயில் வரும் பெயரை எழுதாதீர்கள். டர்பனில் 1921-இல் தொடங்கிய ஆரியன் பெனவலென்ட் ஹோமையே எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சில் எல்லோரும் ஏ.பி.எச். என்றுதான் சொல்கிறோம், பல கிளைகள் வேறு இருக்கின்றன. எந்த அமைப்பாக இருந்தாலும் அதன் ஆபீசுக்குப் போன் போட்டு, பதிவான முழுப்பெயர், என்.பி.ஓ. (லாப நோக்கில்லா அமைப்பு) எண், வரித்துறையான சார்ஸ் கொடுத்த பி.பி.ஓ. (பொதுநல அமைப்பு) எண் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் சந்தோஷமாகத் தருவார்கள். தரத் தயங்கினால், ஏன் தயங்குகிறார்கள் என்று நீங்கள்தான் யோசிக்கணும்.

மாற்று: "நான் இறக்கும்போது இந்த அமைப்பு இல்லாமல் போயிருந்தால், அல்லது வேறு அமைப்போடு சேர்ந்திருந்தால், இதே மாதிரி வேலை செய்யும் இன்னொரு பொதுநல அமைப்புக்கு எக்சிகியூட்டர் கொடுக்கலாம்" என்று ஒரு வாசகம் போடுங்கள். எக்சிகியூட்டர் என்றால் உயிலை நிறைவேற்றுபவர். நீங்கள் இன்னும் இருபது வருஷம் இருப்பீர்கள், இருக்கணும். அதற்குள் அந்தத் தமிழ்ப் பள்ளி இருக்குமா என்று யார் சொல்ல முடியும்?

கமிட்டிச் சண்டை: எந்த ஆளின் பெயரையும் எழுதாதீர்கள், சங்கத்தின் பெயருக்கு எழுதுங்கள். சங்கத்துக்கு எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறதா, வருஷா வருஷம் கணக்குக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். அது இல்லாத கோயிலுக்கு உயிலில் எழுதாமல், உயிரோடு இருக்கும்போதே கூரை ஓடு மாற்றிக் கொடுங்கள், விளக்கு வாங்கி வையுங்கள். கண்ணால் பார்க்கலாம்.

ஜோபர்க்_மதுரை

நான் மதுரையிலிருந்து வேலைக்காக இங்கே வந்து குடியேறியவன், இந்த ஊர் வழக்கம் எல்லாம் முழுசாகத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்: எதற்கு உயில் வரைக்கும் காத்திருக்கணும்? இப்போதே கொடுத்தால் வரியில் கழிவு கிடைக்கும். வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவுப்படி ரசீது தருகிற அமைப்பு என்றால் வருஷத்து வரி வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். செத்த பிறகு கொடுத்தால் அந்த ரசீது யாருக்கு? பொதுநல அமைப்புக்குக் கொடுப்பதற்கு நன்கொடை வரியும் கிடையாது.

எம்.எல். சுல்தான் அப்படித்தானே செய்தார்? கொல்லத்துப் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர், சம்பாதித்து, உயிரோடு இருக்கும்போதே தொழில்நுட்பக் கல்லூரிக்குக் கொடுத்தார். அது இன்றைக்கு டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பாகம்.

மாரிட்ஸ்பர்க்_வாத்தியார்

தம்பி, அதற்கு எதிர் உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. சாட்ஸ்வர்த்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது போய் வரிசையில் உட்கார்ந்த ஆர்.கே. கான் ஆஸ்பத்திரி. அந்தப் பெயருக்குரியவர் டர்பனில் வக்கீலாக இருந்தவர், காந்தி காலத்து மனிதர். அவர் தன் உயிலில் விட்டுப் போன பணத்தில்தான் ஆஸ்பத்திரிக்கும் மருந்தகத்துக்குமான டிரஸ்ட் உருவானது. ஆஸ்பத்திரி கட்டித் திறக்க 1969 ஆகிவிட்டது. அவர் பார்க்கவில்லை. என் தங்கை மகன் அங்கேதான் பிறந்தான்.

இன்னொன்று. 18ஏ கழிவு எல்லாக் கொடைக்கும் வராது. கோயில் பூஜைக்கும் கட்டடத்துக்கும் கொடுப்பது பொதுநல அமைப்புக்கான கொடைதான், ஆனால் சமயக் காரியம் 18ஏ பட்டியலில் இல்லை. ஏழை முதியோரைப் பராமரிப்பதும், கல்வி சம்பந்தமான பல வேலைகளும் அதில் வரும். ஆகவே ரசீதில் 18ஏ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் கொடுக்கணும். கோயில்காரர்கள் கொடுக்கும் சாதா ரசீதைச் சார்ஸுக்கு அனுப்பிவிட்டுக் கழிவு வரவில்லை என்று கோபப்படுகிறவர்கள் உண்டு.

கரும்புக்காடு (டோங்காட்)

மதுரைத் தம்பி சொல்வது நியாயம்தான், ஆனால் என் நிலைமை வேறு. எனக்கு நாளைக்கு என்ன வரும் என்று தெரியாது. பக்கவாதம் வந்து ஃப்ரெயில் கேரில் (முடியாத முதியோரை முழுநேரம் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) படுத்தால் மாசத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நர்ஸாக இருந்த எனக்கு நன்றாகவே தெரியும். இப்போது அள்ளிக் கொடுத்துவிட்டு அப்புறம் பிள்ளைகளிடம் கை நீட்ட மாட்டேன். அதனால்தான் உயில்.

கணக்கை எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. வீடு ஒரு 13 லட்சம் ராண்ட் போகும் என்கிறார்கள். யூனிட் டிரஸ்ட் 4 லட்சத்து 20 ஆயிரம். வங்கியில் 90 ஆயிரம். நான் நினைத்தது, ஹோமுக்கு 2 லட்சம், தமிழ்ப் பள்ளிக்கு 2 லட்சம், மிச்சமெல்லாம் பிள்ளைகளுக்கு. தமிழ்ப் பள்ளிப் பணத்தில் வருஷா வருஷம் ஒரு பிள்ளைக்கு உதவித்தொகை, தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதலாமா?

ரியூனியன்_புதுவை

குறுக்கே வருகிறேன், மன்னிக்கணும். நான் புதுச்சேரிக்காரன், ரியூனியன் தீவில் செந்தெனியில் இருக்கிறேன். இங்கே பிரெஞ்சுச் சட்டம். உங்களைப் போல இரண்டு பிள்ளை இருந்தால் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுக்கென்றே ஒதுக்கியாயிற்று, மூன்றில் ஒரு பங்கைத்தான் நாம் இஷ்டப்படி எழுதலாம். ஒரு பிள்ளை என்றால் பாதி. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நமக்குக் கால்தான். இன்னொரு வேடிக்கை, இங்கே சாட்சியே இல்லாமல் உயில் எழுதலாம், ஆனால் முழுக்க முழுக்க நம் கைப்படவே எழுதித் தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கணும். டைப் செய்து கீழே கையெழுத்துப் போட்டால் அது குப்பை. உங்கள் ஊரிலும் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு உண்டா?

பேப்பர்வேலை (டர்பன்)

இல்லை ஐயா. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு சென்ட் கூட விடாமல் எழுதலாம். மைனர் பிள்ளை இருந்தால் அதன் பராமரிப்புக்கு எஸ்டேட்டில் கேட்கலாம். கையில் வழியில்லாத கணவனோ மனைவியோ இருந்தால் அவர்களும் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேட்கலாம். பொதுவாக அவ்வளவுதான்.

கரும்புக்காடு அக்காவின் கணக்குக்கு வருகிறேன், இங்கேதான் பொறுமையாகப் படிக்கணும்.

"ஹோமுக்கு 2 லட்சம்" என்று எழுதும் குறிப்பிட்ட தொகை முதலில் போகும். "மிச்சம் பிள்ளைகளுக்கு" என்றால், கடன், செலவு, குறிப்பிட்ட தொகைகள் எல்லாம் போன பிறகு கிடப்பதுதான் பிள்ளைகளுக்கு. இன்றைக்கு நீங்கள் போனால் பிரச்சினை இல்லை. மொத்தம் 18 லட்சத்து 10 ஆயிரம். எக்சிகியூட்டர் கட்டணம் உயிலில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் மொத்தச் சொத்தில் 3.5 சதவீதம், அதாவது 63,350. அவர் வாட் பதிவு உள்ளவர் என்றால் 15 சதவீதம் சேர்ந்து ஏறக்குறைய 73 ஆயிரம். ஈமச்சடங்கு, கடைசி வருமான வரி, முனிசிபாலிட்டி பாக்கி, வீட்டை மாற்றும் செலவு. யூனிட் டிரஸ்டும் ரொக்கமும் சேர்ந்த 5 லட்சத்துச் சொச்சத்தில் எல்லாம் கொடுத்து, இரண்டு கொடையும் கொடுத்து, வீடு பிள்ளைகளுக்குப் போகும். கொஞ்சம் இழுபறியாகத்தான் இருக்கும், ஆனால் முடியும்.

இதையே 86 வயதுக்கு நகர்த்துங்கள். ஃப்ரெயில் கேரில் நாலு வருஷம். யூனிட் டிரஸ்ட் கரைந்துவிட்டது, வங்கியில் 30 ஆயிரம். உயிலில் 4 லட்சம் அப்படியே நிற்கிறது. எக்சிகியூட்டர் என்ன செய்வார்? வீட்டை விற்பார், அல்லது பிள்ளைகளிடம் "4 லட்சத்தைக் கட்டிவிட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். உங்கள் மகன் "உங்க இஷ்டம்மா" என்று சொன்னது அன்றைக்கு வேறு மாதிரி ஒலிக்கும்.

அதனால் என் யோசனை: தொகை எழுதாதீர்கள், பங்கு எழுதுங்கள். செலவெல்லாம் போக மீதமுள்ள எஸ்டேட்டில் 80 சதவீதம் பிள்ளைகளுக்குச் சமமாக, 10 ஹோமுக்கு, 10 தமிழ்ப் பள்ளிச் சங்கத்துக்கு. சொத்து வளர்ந்தால் கொடையும் வளரும், கரைந்தால் அதுவும் கரையும். ஆனால் ஒன்று, வீட்டைத் தனியாகப் பிள்ளைகளுக்கு என்று எழுதிவிட்டு மீதியில் பங்கு வைத்தால், கொடைக்கு எதுவுமே இல்லாமல் போகலாம். வீட்டையும் சேர்த்து ஒரே சொத்தாக வையுங்கள். பிள்ளைகளுக்கு வீடுதான் வேண்டுமென்றால் கொடையின் பங்குப் பணத்தைக் கட்டி வாங்கிக்கொள்ள வழி உண்டு. விற்கும் அதிகாரத்தை எக்சிகியூட்டருக்கு உயிலிலேயே கொடுத்துவிடுங்கள்.

"தமிழர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று எழுதாதீர்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் எம்மா ஸ்மித் நிதி என்று ஒரு பழைய உதவித்தொகை, வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும் என்று உயிலில் எழுதிய நிதி. 2010-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இன நிபந்தனையை நீக்கியது சரிதான் என்று சொல்லிவிட்டது. நாம் வேறு ஆள், நம்முடையது நல்ல நோக்கம் என்று நினைக்கலாம், ஆனால் இன்னாருக்கு மட்டும் என்ற வாசகம் வாசகம்தான். "தமிழ் படிக்கும் மாணவர்களுக்கு" என்று எழுதுங்கள். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே. இப்போது பல தமிழ் வகுப்புகளில் தமிழர் அல்லாத பிள்ளைகளும் உட்காருகிறார்கள், நல்லதுதான்.

ஃபீனிக்ஸ்காரன்

ஒரு வங்கியில் உயில் இலவசமாக எழுதித் தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். "தர்மத்துக்கு எழுதினால், இறந்தவர் சொத்து மேல் போடும் எஸ்டேட் டியூட்டி மிச்சம்" என்று அந்தப் பையன் ஆசை காட்டினான். உண்மையா?

பேப்பர்வேலை (டர்பன்)

உண்மை, ஆனால் உங்களுக்கும் எனக்கும் பொருந்தாத உண்மை. எஸ்டேட் டியூட்டி முதல் மூன்றரை மில்லியன் ராண்டுக்கு இல்லை. கணவர் பயன்படுத்தாமல் விட்ட கழிவு மனைவிக்குச் சேரும், ஆக அக்கா மாதிரி விதவைக்கு ஏழு மில்லியன் வரை கூட வரலாம். அதற்கு மேல் போனால்தான் 20 சதவீதம். பொதுநல அமைப்புக்குப் போகும் பங்கு அந்தக் கணக்கிலிருந்து கழியும், மூலதன ஆதாய வரியும் அதற்கு இல்லை. உம்ஷ்லாங்காவில் கடற்கரை பார்த்த மாடி வீடு இரண்டு வைத்திருக்கிறவர் இதை யோசிக்கலாம். டோங்காட் வீட்டுக்கு இது பேச்சே இல்லை. மனசு இருந்தால் கொடுங்கள், வரிக்காக என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

"இலவச உயில்" என்பதில் அவர்களையே எக்சிகியூட்டராகப் போடச் சொல்வார்கள். 3.5 சதவீதம் அங்கே காத்திருக்கிறது. தப்பில்லை, தொழில். ஆனால் கையெழுத்துப் போடும் முன் சதவீதத்தைக் குறைக்கப் பேசலாம், குறைத்ததை எழுத்தில் வாங்கலாம். நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை.

சின்னப்பொண்ணு_வெருலம்

கேள்வி எனக்கும் இருக்கு. எங்கள் கல்யாணம் கோயிலில் தாலி கட்டி நடந்தது, அரசாங்கத்தின் ஹோம் அஃபேர்ஸ் ஆபீசில் பதியவே இல்லை. என் கணவர் உயில் எழுதாமல் போனால் எனக்கு எதுவும் இல்லையா?

பேப்பர்வேலை (டர்பன்)

முன்பு அந்தப் பயம் நியாயம்தான், அம்மா. பிறகு டர்பன் உயர் நீதிமன்றத்தில் ஒரு இந்து மனைவியின் வழக்கு வந்தது, இறந்த கணவரின் சொத்தை மாமனார் மாமியார் கேட்ட வழக்கு. இந்து முறைப்படி ஒரே மனைவியாக வாழ்ந்தவளும் உயிலில்லாச் சொத்துச் சட்டத்தில் "மனைவி"தான் என்று தீர்ப்பு, 2009 தீர்ப்புத் தொகுப்பில் இருக்கிறது. உயில் இல்லாவிட்டால் மனைவிக்கு இரண்டரை லட்சம் ராண்ட் அல்லது ஒரு பிள்ளையின் பங்கு, எது அதிகமோ அது. ஆனால் அதை நிரூபிக்கக் கல்யாண போட்டோவும் ஐயருடைய கடிதமும் தூக்கிக்கொண்டு அலையணும். இரண்டு பேரும் ஆளுக்கொரு உயில் எழுதி அதில் "என் மனைவி", "என் கணவர்" என்று பெயரோடும் ஐடி எண்ணோடும் போட்டுவிடுங்கள். பதிவையும் செய்துவிடுங்கள்.

பென்ஷன் ஃபண்ட் பணம் மட்டும் உயிலுக்குக் கட்டுப்படாது. நீங்கள் யார் பெயர் எழுதிக் கொடுத்தாலும், யார் உங்களை நம்பி இருந்தார்கள் என்று பார்த்து ஃபண்ட் டிரஸ்டிகள் முடிவு செய்வார்கள். அதைக் கோயிலுக்கு என்று உயிலில் எழுதுவது வீண்.

மல்லிகை_ஜோபர்க்

நான் மகள் பக்கத்திலிருந்து பேசுகிறேன். எங்கள் அப்பா சொத்தில் கால்பங்கை ஒரு அனாதை இல்லத்துக்கு எழுதி வைத்துவிட்டு யாரிடமும் மூச்சு விடவில்லை. கருமாதி முடிந்து மூன்றாம் நாள், வக்கீல் ஆபீசில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் நாலு பேரும் அதைக் கேட்டோம். எனக்குப் பணம் பெரிதில்லை, நிஜமாகச் சொல்கிறேன். ஆனால் தம்பி அன்றைக்குக் கேட்ட கேள்வி, "நாங்க என்ன தப்புப் பண்ணோம்?" அதற்குப் பதில் சொல்ல அப்பா இல்லை. பிறகு விசாரித்ததில், அப்பா சின்ன வயதில் இரண்டு வருஷம் அந்த இல்லத்தில்தான் வளர்ந்திருக்கிறார். அம்மாவுக்கே தெரியாது! அதை அவர் வாயால் ஒரு தடவை சொல்லியிருந்தால், தம்பியே இன்னொரு கால்பங்கைப் போட்டிருப்பான். அப்படிப்பட்டவன்தான் அவன்.

கரும்புக்காடு ஆன்ட்டி, உங்கள் மகனுக்குப் பாட்டியை அந்த ஹோமில் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று தெரியுமா? அவன் அப்போது பெர்த்தில்தானே இருந்திருப்பான்?

கரும்புக்காடு (டோங்காட்)

மல்லிகை, நீ கேட்டது சரியான கேள்வி. அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்குக் கடைசியில் யாரையும் அடையாளம் தெரியாது, ஆனால் அங்கே ஒரு சுலு நர்ஸம்மா தினமும் தலை வாரிப் பின்னிப் பூ வைத்து விடுவாள். பூவைத் தன் காசில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கி வருவாள். நான் பணம் கொடுத்தால் வாங்கமாட்டாள். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நேற்று வீடியோ காலில் சொன்னேன். பேச்சு நீண்டது, மகளும் சேர்ந்துகொண்டாள். அவனாகவே "பத்து சதவீதம் ஹோமுக்கு எதுக்கும்மா, பதினைஞ்சு போடுங்க" என்றான். தமிழ்ப் பள்ளிக்கு ஐந்து போதும் என்கிறான், அதில் இன்னும் சண்டை தீரவில்லை, அவன் அந்தப் பள்ளியில் அடி வாங்கியவன்.

படிவத்தை விட்டுவிட்டேன். வெருலத்தில் ஒரு வக்கீலம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். ஹோமிலிருந்து பதிவுப் பெயரும் எண்களும் ஒரே நாளில் வந்துவிட்டன. கோயில் சங்கத்தில் செயலாளர் "மீட்டிங்கில் வைத்துச் சொல்கிறோம்" என்கிறார். பார்ப்போம்.

கடைசியாக ஒன்று. நகையை யார் யாருக்கு என்று தனியாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். தாலிச் சங்கிலி மகளுக்கு, அம்மாவின் அட்டிகை பேத்திக்கு, இப்படி. உயிலில் "நகையை என் நோட்டில் உள்ளபடி கொடுக்கவும்" என்று ஒரு வரி போட்டால் போதுமா? அப்புறம் உயிலை எங்கே வைப்பது, மாஸ்டர் ஆபீசிலேயே கொடுத்துவிடலாமா?

பேப்பர்வேலை (டர்பன்)

நோட்டு செல்லாது அக்கா. பிள்ளைகள் உங்கள் ஆசைக்காக அதன்படி நடக்கலாம், ஆனால் சட்டத்துக்கு அது வெறும் காகிதம். அந்தப் பட்டியலை உயிலுக்குள்ளேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள், ஒவ்வொரு நகைக்கும் அடையாளம் போட்டு. "அட்டிகை" என்று மட்டும் எழுதாமல் "சிவப்புக் கல் பதித்த, பின்னால் அம்மா பெயர் முதலெழுத்து உள்ள அட்டிகை" என்பது மாதிரி. பேத்தி மைனர் என்றால் 18 வயது வரை அதை யார் வைத்திருப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் உயிலை மாஸ்டர் ஆபீஸ் வாங்கி வைக்காது. அங்கே போவது நம் காலத்துக்குப் பிறகுதான், அதுவும் அசல் வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது. அசலை வக்கீலம்மாவிடமே பெட்டகத்தில் வைக்கச் சொல்லி ரசீது வாங்குங்கள். ஒரு நகலில் "அசல் இன்னாரிடம்" என்று எழுதி மகளிடம் கொடுங்கள். மகள் ஜோபர்க்கில் இருப்பதால் அவளுக்குத்தான் முதலில் போன் வரும்.

பழைய உயில் ஏதாவது இருக்கிறதா? கணவரோடு சேர்ந்து எழுதிய கூட்டு உயில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். அதில் என்ன வாசகம் இருக்கிறது என்று அந்த அம்மா படித்துப் பார்த்த பிறகுதான் புதிதாக எழுதத் தொடங்கணும்.

கரும்புக்காடு (டோங்காட்)

இருக்கிறது, அலமாரியில். எடுத்துக்கொண்டு போகிறேன்.